மயக்க ஊசித் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்

போன மாதம் நந்தினி போனில் கூப்பிட்டாள். திருவொற்றியூர் சோதனைக்கூடத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஏதோ ஒரு மாவட்டத்து வனத்துறையிலிருந்து துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்புகள் சோதனைக்கு வந்திருக்கின்றனவாம். காட்டில் எது தாங்கும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நெட்டுல பாத்தா ஒண்ணொண்ணுக்கும் ஊரே நட்சத்திரம் போட்டு வெச்சிகீதுக்கா. எத்த நம்புறதுன்னு தெரியல. அந்த யானை டாக்டருக்கு நீங்க இன்னா பண்ணீங்களோ, அத்த எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால், ஸ்கோப்புக்கு முன்னால் ஜெயபால் சார் வந்து நிற்கிறார். அவரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் ஐ.டி.ஐ.யில் கருவி மெக்கானிக் படித்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி முடித்துவிட்டு, இந்தச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் நோய் எல்லாவற்றையும் தாண்டி ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். எங்கள் வேலை சுலபமாகச் சொல்லிவிடக்கூடியது. யாராவது ஒரு பொருளைச் செய்து கொண்டுவருவார்கள். விளக்கு, மீட்டர், கேமரா, மருத்துவமனை மானிட்டர், எதுவாகவும் இருக்கலாம். அதைக் குலுக்குவோம், சுடவைப்போம், உறையவைப்போம், நனைப்போம், உப்புப் புகையில் ஊறவைப்போம். பிறகும் அது வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்போம்.

அந்தக் கூடத்துக்குத் தலைவர் ஜெயபால் சார், கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பொறியியல் படித்தவர். வாடிக்கையாளர்களிடம் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல ஆங்கிலம் பேசுவார். அவர்கள் வாசலைத் தாண்டியதும் எங்களிடம் கொருக்குப்பேட்டைப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார். அதை யாராவது கிண்டல் செய்தால் கோபப்படவும் மாட்டார், மாற்றிக்கொள்ளவும் மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு அழுத்தமானியைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது சார் என்று சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நல்லா கீதா இல்லியான்னு நான் கேக்கல பிலோமினா. முள்ளு எங்க நிக்குது, அத்த மட்டும் சொல்லு" என்றார். அன்றைக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அதன் பிறகு என் வாயிலிருந்து வேலை நேரத்தில் நல்லது, கெட்டது என்ற இரண்டு சொற்கள் வரவேயில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒரு பொருள் சோதனையில் தோற்றுவிட்டால், அதை அலுவலக அறையில் வைத்துச் சொல்லமாட்டார். கொண்டுவந்தவரைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, அவர் பாதி குடித்த பிறகு சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் தண்டனைபோல இருக்கும், நின்றுகொண்டு கேட்டால் பக்கத்து வீட்டுச் சேதிபோல இருக்கும் என்பது அவர் எண்ணம். ஒருமுறை காசிமேட்டுப் படகுகளுக்கு விளக்கு செய்பவர் ஒருவர் வந்தார். ஜெயபால் சார் டீக்கு அழைத்ததுமே முகம் வெளிறி, எனக்கு டீ வேண்டாம் சார், சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அந்தப் பழக்கம் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. அதே மனிதர் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ரப்பர் வளையத்தை மாற்றி, விளக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். அதை உப்புப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஜெயபால் சார் ஜன்னலைக் காட்டி, "இத்த இங்கயே தொங்கவுட்டாக்கூட போதும், நம்ம காத்தே பாத்துக்கும்" என்றார். எங்கள் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று புரியும்.

யானை டாக்டர் வந்தது ஒரு பங்குனி மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெயர் சிவக்குமார். பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர், வனத்துறையில் கால்நடை மருத்துவர். கூடவே ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து நடந்தார். அவர் மாறன், மலைக்காட்டில் யானைத் தடம் பார்த்து முன்னால் நடப்பவர். டாக்டரின் கையில் துறையின் கடிதமும் பூட்டுப் போட்ட ஒரு நீளப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் காற்றழுத்தத்தில் மயக்க ஊசியை எய்யும் துப்பாக்கி. இன்னொரு பையில் மூன்று புது ஸ்கோப்புகள். மூன்றும் மூன்று விற்பனையாளர்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தவை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் நாட்டில் வேட்டைக்குத் தடை. அதனால் வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் வாங்கும் இந்த மாதிரி ஸ்கோப்பை எங்கள் மேசையில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் சொல்லச் சொல்ல ஒன்று விளங்கியது. வேட்டைக்காரருக்குக் குறி தப்பினால் ஒரு விலங்கு தப்பிக்கும், அவ்வளவுதான். இவருக்குக் குறி தப்பினால், பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு கொம்பன் யானை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் வந்து, அரிசிக்காகச் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. முந்தைய வருடம் அதை மயக்கிப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். டாக்டர், காட்டு யானையைப் பிடிக்கப் பழக்கிய கும்கி யானையின் மறைவில் நின்று குறிபார்த்தார். ஊசி யானையின் முதுகுக்கு மேலே பறந்து மரத்தில் குத்தியது. சத்தம் கேட்டு யானை திரும்பியது. மாறன் டாக்டரைக் கும்கியின் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். தான் ஒதுங்க நேரமில்லை. யானை போகிற போக்கில் தும்பிக்கையால் ஒரு வீச்சு, அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடைந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

இதையெல்லாம் டாக்டர் சொல்லும்போது மாறன் எங்கள் சுவரில் மாட்டியிருந்த மாதா படக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல. கோடை மழை தொடங்குவதற்குள் மறுபடியும் அந்த யானையைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஊசி போடப் போவது இதே டாக்டர். முன்னால் நடக்கப் போவது இதே மாறன்.

எல்லாம் பேசி முடித்து எழுந்தபோது டாக்டர் தயங்கினார். பையின் அடியிலிருந்து துண்டில் சுற்றிய நாலாவது ஸ்கோப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்குத் துப்பாக்கியில் இருந்த பழைய ஸ்கோப். "இதையும் பார்த்துச் சொல்ல முடியுங்களா? இது கடிதத்துல இல்லீங்க. கண்ணாடி தப்பா, என் கை தப்பான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

கடிதத்தில் இல்லாததை ஜெயபால் சார் தொடமாட்டார் என்று நினைத்தேன். அவர் துண்டோடு அதை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

ஸ்கோப்பை எப்படிச் சோதிப்பது என்று நந்தினி கேட்டதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஸ்கோப்புக்குள் பார்த்தால் ஒரு சிலுவைக்கோடு தெரியும். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஊசி போக வேண்டும். எவ்வளவு அடிபட்டாலும் அந்தக் கோடு இடம் மாறக்கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கோப்பை அசையாத கல்மேசையில் பூட்டி, அதன் முன்னால் ஒரு குழலை வைப்போம். குழலின் கோடியில் விளக்கு வைத்த ஒரு சிறிய கட்டம் தெரியும். சிலுவைக்கோடு கட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வோம். குலுக்கிய பிறகு மறுபடி பூட்டிப் பார்ப்போம். எங்கள் கூடம் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது தரையே அதிரும். கல்மேசையை மணல் படுக்கையில் நிறுத்தியிருந்தும் போதாது. லாரி வரிசை நெரிசலில் சிக்கி நிற்கும் இடைவெளி பார்த்துத்தான் கண்ணை வைப்பேன். நெரிசலுக்காகக் காத்திருந்த ஆள் அந்தச் சாலையில் நான் ஒருத்திதான்.

எப்படிக் குலுக்குவது என்பதற்கு ஜெயபால் சார் மாறனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். துப்பாக்கி அறையிலிருந்து கிளம்பி யானைக்கு முன்னால் போய் நிற்கும்வரை அதற்கு என்னென்ன நேரும் என்று கேட்டார். மாறன் நிதானமாகச் சொன்னார். ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போவோம், பள்ளத்தில் விழும்போது கம்பியில் இடிக்கும். ஆற்றைக் கடக்கும்போது நனையும். விடிகாலையில் பனியில் கிடக்கும், பிறகு வெயில் ஏறும். கும்கி மேல் ஏற்றும்போது கை மாறும், சிலசமயம் கீழே விழும். எல்லாவற்றுக்கும் பிறகு ஒரே ஒரு தடவைதான் சுடுவார். வண்டிதான் ஸ்கோப்புக்கு எதிரி, துப்பாக்கி இல்லை என்று ஜெயபால் சார் எங்களிடம் சொன்னார். ஏனென்றால் காற்றில் எய்கிற துப்பாக்கிக்கு உதைப்பு குறைவு.

அப்படியே செய்தோம். குலுக்கு மேசையில் ஜீப்பின் ஆட்டத்தைக் கொடுத்தோம். குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, உடனே வெந்நீரில் முக்கினோம். உள்ளே காற்று கசிந்தால் குமிழ் வரும். மூன்று புதுசில், பார்க்க மிடுக்காக இருந்த பெரிய ஸ்கோப் ஒன்றிலிருந்து வரிசையாகக் குமிழ்கள் கிளம்பின. அது தூரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் வசதியுள்ளது. அதற்காகச் சுழலும் வளையத்தின் இடுக்கில்தான் கசிவு. மறுநாள் காலையில் அதன் கண்ணாடிக்குள் பாலாடை போலப் பனி படர்ந்திருந்தது. மற்ற இரண்டும் தாங்கின.

பழைய ஸ்கோப்பும் தாங்கியது. குமிழ் இல்லை, பனி இல்லை. குலுக்குவதற்கு முன்னால் சிலுவைக்கோடு எங்கே நின்றதோ, பிறகும் அங்கேயே நின்றது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தேன். ஜெயபால் சாரும் பார்த்தார். அவர் சட்டைக் கையின் மடிப்பை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, டாக்டரையும் மாறனையும் டீக்கடைக்கு அழைத்தார். என்னையும் வரச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் என்னை அங்கே அழைத்ததில்லை.

நல்ல பொருளுக்கு டீ வாங்கிக் கொடுத்தது அன்றைக்குத்தான். கண்ணாடியில் எந்தக் கோளாறும் தெரியவில்லை டாக்டர் என்று அவர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் டம்ளரைப் பார்த்தபடியே நின்றார். முகத்தில் ஒருவிதத் தெளிவுகூட வந்ததுபோல இருந்தது, சந்தேகம் தீர்ந்த மனிதருடையதைப் போல. "அப்ப என் கைதானுங்க. வேற ஆளை அனுப்பச் சொல்லி எழுதிடறேன்" என்றார்.

மாறன் டீயைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இவரு கை ஆடலீங்க. நான் பக்கத்துலயே இருந்தேன், மூச்சைக்கூடப் பிடிச்சுட்டு நின்னாரு இவரு. எப்பவும்போல மேல இருக்கிற திருகை அது நிக்கிற வரைக்கும் திருப்பி வெச்சுட்டுத்தான் சுட்டாரு. எல்லாம் சரியாத்தான் பண்ணினாரு."

ஜெயபால் சார் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "நிக்கிற வரைக்கும்னா? கடைசி வரைக்குமா?" என்று கேட்டார்.

டாக்டர்தான் விளக்கினார். மருந்து நிரப்பிய ஊசி கனமானது, மெதுவாகப் பறப்பது. எய்ததும் சட்டென்று கீழே இறங்கிவிடும். அதற்கு ஈடுகட்ட ஸ்கோப்பின் மேல்திருகைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பித்தான் துப்பாக்கியைச் சரிசெய்வார்கள். எல்லா ஊசித் துப்பாக்கியிலும் அப்படித்தான். எங்கள் முறையோ வேறு. சோதனைக்கு வரும் எந்த ஸ்கோப்பையும் முதலில் திருகை நடுவில் கொண்டுவந்து வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. எல்லாக் கூடத்திலும் அதுதான் விதி. நாங்கள் விதிப்படி செய்திருந்தோம்.

ஜெயபால் சார் மிச்ச டீயைக் கொட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஸ்கோப்புக்குள்ளே இன்னொரு சிறிய குழல் இருக்கிறது. மேலேயிருந்து திருகு அதை அழுத்தும். கீழேயிருந்து ஒரு தகட்டு வில் எதிர்த்துத் தாங்கும். திருகைக் கழற்றக் கழற்ற வில் விரிந்து தளரும். கடைசிவரை கழற்றினால், பிடித்துக்கொள்ள அதற்கு வலு இருக்காது. இதை அவர் ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்து காட்டிக்கொண்டே, பழைய ஸ்கோப்பின் திருகைக் கடைசிவரை திருப்பினார். "துப்பாக்கில எப்டி இருந்துச்சோ அப்டியே குலுக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் பாக்காத. ஒவ்வொரு இடிக்கும் பாரு" என்றார்.

அன்றைக்கு முழுக்க அதுதான் வேலை. ஒரு இடி, பூட்டு, பார். இன்னொரு இடி, பூட்டு, பார். பார்வைக்குழலின் ரப்பர் விளிம்பு என் வலது கண்ணைச் சுற்றிப் பதிந்து, சாயங்காலத்துக்குள் வட்டமாகக் கன்றிவிட்டது. மதியத்துக்குமேல், லாரிகள் நின்ற ஒரு இடைவெளியில், நான் பார்த்துக்கொண்டிருந்த கட்டத்தில் சிலுவைக்கோடு இல்லை. பல கட்டங்கள் தள்ளி நின்றது. கோடு நின்ற இடத்தை மட்டும் சொன்னேன். ஜெயபால் சார் இன்னும் ஒரு இடி கொடுக்கச் சொன்னார். பார்த்தேன். கோடு பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, எங்கும் போகாததுபோல நின்றது.

அதுதான் விஷயம். தளர்ந்த வில் ஒரு இடியில் நழுவும், அடுத்த இடியில் திரும்பும். ஜீப்பின் எந்தப் பள்ளத்தில் அன்றைக்கு அது நழுவியது என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. காட்டிலிருந்து திரும்பி வந்து சரிபார்த்தபோது அது மறுபடி ஒழுங்காக நின்றிருக்கும். டாக்டர் தன் கையைச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

ஜெயபால் சார் டாக்டரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, தன் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்தார். கதவு திறந்தே இருந்தது. "நான் உங்க கைய தப்பு சொல்லிட்டேன் டாக்டர். மன்னிச்சிக்கோங்க" என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாறனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் வெகுநேரம் சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, எதிர்வீட்டு ரோசம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு வழிமறித்தாள். "இன்னாடி, உன் வூட்டுக்காரு கைய நீட்டினாரா? வா, நான் வந்து கேக்குறேன்" என்றாள். இல்லை ரோசம்மா, இது யானையால் வந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என் கணவர் பாவம், ரயில்வேயில் வேலை பார்த்த சாது. ஒரு வாரம் அந்தத் தெருவில் பெண்கள் அவரை முறைத்துப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து மிச்சமிருந்த இரண்டு புது ஸ்கோப்புகளையும் அதே மாதிரி, திருகைக் கடைசிவரை திருப்பி வைத்து, இடிக்கு இடி பார்த்தோம். ஒன்று விலை உயர்ந்தது, கூட்டிக் குறைத்துப் பார்க்கக்கூடியது, கண்ணாடி அவ்வளவு தெளிவு. மாறன் அதன் வழியாகப் பார்த்துவிட்டு, சாலைக்கு அப்பால் ஒரு வீட்டு மாடியில் காயும் கருவாட்டில் உட்காரும் ஈ தெரிகிறது என்றார். மற்றொன்று குட்டையானது, கறுப்பு, ஒரே அளவில்தான் பெரிதாக்கிக் காட்டும். சுழற்ற எந்த வளையமும் இல்லை. டாக்டருக்கு முதலிலிருந்தே விலை உயர்ந்ததன் மேல்தான் கண். நானும் மனசுக்குள் அதைத்தான் நினைத்திருந்தேன்.

தெளிவான கண்ணாடி உள்ளதில் கோடு இரண்டாம் நாள் நழுவியது. பழையதுபோல அவ்வளவு தூரம் இல்லை, ஆனாலும் நழுவியது. குட்டை ஸ்கோப்பில் கோடு லேசாக, மயிரிழை அளவு அசைந்தது. அதற்குமேல் அசையவில்லை. உள்ளே நகரும் பாகங்கள் குறைவாக இருப்பதால் அதன் வில் கெட்டியாகப் பிடிக்கிறது என்று ஜெயபால் சார் சொன்னார். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள் டாக்டர், யானைக்குப் பக்கத்தில் நின்று சுடுகிறவருக்கு ஈயைப் பார்க்க வேண்டியதில்லை, யானை முழுசாகத் தெரிந்தால் போதும் என்றார். டாக்டர் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் அந்த மயிரிழையும் டாக்டருக்கு உறுத்தியது. திருகை நடுவில் வைத்தே சுடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டார். நடுவில் வைத்தால் வில் இறுக்கமாக இருக்கும், எல்லாம் அசையாமல் நிற்கும் என்று நாங்களே காட்டியிருந்தோமே. ஜெயபால் சார் ஸ்கோப்பையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஸ்கோப் உட்காரும் அடித்தகட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால், திருகு செய்ய வேண்டிய வேலையைத் தகட்டின் சரிவே செய்துவிடும் என்றார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சோதிப்பவர்கள் சோதிக்கிற பொருளைத் திருத்தக்கூடாது. திருத்தினால் நம் வேலையை நாமே பார்த்துச் சரி என்று சொல்வதுபோல ஆகிவிடும். இதில் அவர் கறாரானவர். பெரிய நிறுவனங்கள் ஒரு திருகை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோதும் மறுத்தவர். அன்றைக்கு அவர் கூடத்தின் ஆளாகப் போகக்கூடாது என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்து, பேனாவையும் பையையும் மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குக் கிளம்பினார். அங்கே லேத் பட்டறை வைத்திருந்த காதர் பாய் அவருடைய பள்ளித் தோழர். இரும்புத் தகட்டைச் சரிவாகச் செதுக்கியது காதர் பாய். ஜெயபால் சார் பக்கத்தில் நின்று பேச்சு மட்டும் கொடுத்தார் என்று டாக்டர் பிறகு சொன்னார். பின்பக்கத்தின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இருவரும் பலமாக வாதாடினார்களாம்.

சரிவுத் தகட்டோடு வந்த குட்டை ஸ்கோப்பை நாங்கள் முதலிலிருந்து சோதித்தோம். ஜீப், ஆறு, பனி, வெயில், கும்கி மேலிருந்து விழுவது, எல்லாம். கோடு அசையவில்லை. கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், மதில் ஓரமாக மணல் மூட்டை அடுக்கி, மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய ஊசியை டாக்டர் எய்து பார்த்தார். முதல் ஊசிக்குக் குறிபார்த்தவர், எய்யாமல் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். மாறன் எழுந்து போய், காட்டில் எங்கே நிற்பாரோ அங்கே, டாக்டரின் இடதுபக்கம் ஒட்டி நின்றுகொண்டார். டாக்டர் மறுபடி துப்பாக்கியை உயர்த்தினார். ஊசி மூட்டையில் அவர் வரைந்திருந்த வட்டத்துக்குள் போய்க் குத்தியது. அடுத்ததும் அங்கேயே.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு எங்களுக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. நந்தினி, நீ கேட்டதற்குப் பதில் மேலே இருக்கிறது. நகரும் பாகம் குறைவாக உள்ளதை எடு. துப்பாக்கியில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துச் சோதி. கடைசியில் மட்டும் பார்க்காதே, ஒவ்வொரு இடிக்கும் பார். குளிரவைத்து எடுத்து வெந்நீரில் முக்கு. விலையும் நட்சத்திரமும் அப்புறம். கண்ணைச் சுற்றிக் கன்றினால், கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு, நம்பமாட்டார்கள்.

இனி நான் எழுதுவது வேலைக்கு உதவாது. ஆனால் இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

சித்திரை பாதியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. மாறன். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். சுடச் சுடச் சேதி சொல்வார் என்று பார்த்தால், "அக்கா, இதைக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எதன் பக்கத்திலோ பிடித்தார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ பெரிய பம்ப் ஓடுவதுபோல இருந்தது. காற்று உள்ளே இழுபடும், ரொம்ப நேரம் எதுவும் கேட்காது, பிறகு நீளமாக வெளியே வரும். அதில் ஒரு குறட்டையும் கலந்திருந்தது. மாறன் மறுபடி பேசினார். யானை நின்றபடியே தூங்குகிறது, ஒரே ஊசி, டாக்டர் அதன் காதோரம் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார், யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்றார். நான் போனை எடுத்துக்கொண்டு ஜெயபால் சாரிடம் ஓடினேன். அவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்தார். குலுக்கு மேசையின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

ஓடுகிற சோதனையைப் பாதியில் நிறுத்துவது எங்கள் கூடத்தில் நடக்காத காரியம். நிறுத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கையை உயர்த்தி, மேசையை நிறுத்தச் சொன்னார். பிறகு விசிறிகளை. பிறகு குளிர்ப்பெட்டியையும். ஒவ்வொன்றாக அடங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்மேசையின் நடுவில் வைத்தார். ஆட்கள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு மூச்சு உள்ளே போனது. அது திரும்ப வெளியே வரும்வரை நாங்கள் எல்லோரும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.